மண்ணுக்குள் போன ஐஸ்கிரீம் பெட்டி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவுக்கு அவர் கதவைச்சாத்தி. தொழில், ஃபிரிட்ஜ் ரிப்பேர். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், "முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க" என்பார். சாத்தின பிறகுதான் கையிலிருக்கும் பையையே கீழே வைப்பார். ஃபிரிட்ஜ் கெட்டுப்போக உலகத்தில் ஒரே காரணம்தான் என்பது அவர் கட்சி. ஜனங்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள்! "என்ன வேணும்னு யோசிச்சுட்டுத் திறங்க. திறந்துட்டு யோசிக்காதீங்க. குளிர் என்ன உங்க மாமனார் வீட்டுச் சொத்தா?" என்று பெரிய டாக்டர் வீட்டம்மாவையே கேட்டவர். அந்தம்மா அதற்கப்புறம் தயிர் எடுக்கவே பயந்து பயந்துதான் போவாராம்.

கதவுக்கு அடுத்தபடி அவருக்குப் பரம எதிரி ஓட்டை. கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பரில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பொறுக்க மாட்டார். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். காகிதம் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டால் போச்சு, யாரோ அவரை நடுத்தெருவில் திட்டிவிட்ட மாதிரி முகம் சுண்டிப்போகும். பிடிவாதமாக மாட்டிக்கொண்டு கிழிந்தால்தான் சிரிப்பு வரும்.

சரி, ஊரையே குளிரவைத்த மனுஷன் வீட்டு ஃபிரிட்ஜ் எப்படி இருக்கும்? வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதேதான். செத்துப்போன நாலைந்து ஃபிரிட்ஜிலிருந்து கை, கால் என்று பிடுங்கிச் சேர்த்தது. இடுப்பில் ஒரு உதை விட்டால் ஓடும், இன்னொரு உதை விட்டால் நிற்கும். வீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம், "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார். அந்த நாளைக்கு வருவதற்குள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி வேறு ஊருக்கே போய்விட்டாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். உள்ளே என்ன பெரிய புதையல் இருந்தது, ஒரு சொம்புத் தண்ணி இருக்கும். இவர் எங்கிருந்தாலும் ஓடி வந்து, "கதவைச் சாத்து!" என்று கத்துவார். பெற்ற பெண்ணோடு அவர் அதிகம் பேசியது அந்த ரெண்டு வார்த்தைதான் என்று வீட்டுக்காரி சொல்லிக் காட்டுவாள்.

மகள் போன பிறகுதான் வீட்டுக்காரி மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் உடைந்த வாளியும் துருப்பிடித்த தகரமுமாகக் கிடந்த இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டினாள். உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். தண்ணி ஊற்றும்போது அதுகளோடு பேசுவாள். "என்னடி, இன்னிக்கு முகம் வாடியிருக்கே? வெயில் பட்டுதா?" ஒருநாள் ஜன்னல் வழியாக இதைக் கேட்டார் கதவைச்சாத்தி. மகளிடம் பேசுகிற அதே குரல். கேரட் இலை எது, பீட்ரூட் இலை எதுவென்று தெரியாத மனுஷன்தான், ஆனாலும் அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் இவள் இருக்க மாட்டாள் என்பது அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

வம்பு எங்கே வந்தது என்றால், கேரட்டுக்கு நம் சௌகரியம் தெரியாது. விளைந்தால் ஒரேயடியாக விளையும். பனி இறங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கியாக வேண்டும். கட்டிலுக்கடியில் உருளைக்கிழங்கு, செருப்பு அலமாரியில் பீட்ரூட், டிவி மேல் முட்டைக்கோஸ். ஒரு வீட்டில் ரிப்பேர் பார்க்கும்போது ஸ்க்ரூ டிரைவர் என்று நினைத்துப் பைக்குள்ளிருந்து கேரட்டை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரி பைபையாகக் கொண்டுபோய்த் தெருவில் கொடுத்தாள். முதல் வாரம் வாங்கினார்கள். அப்புறம் அவள் பையோடு வருவதைக் கண்டாலே தெருவே கதவைச் சாத்தியது. மிச்சமெல்லாம் வருஷா வருஷம் அழுகிக் குப்பைக்குப் போனது.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மைத்துனன். வீட்டுக்காரியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேனை நிறுத்த இடமில்லாமல் தெருத்தெருவாக அலைகிறவன். "அக்கா, பின்னால சிமெண்ட் போட்டுட்டா என் வேன் சும்மா கும்முனு நிக்கும். உனக்கும் முதுகுவலி மிச்சம்" என்று ரெண்டு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு மூணு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி சட்டென்று சொன்னாள்.

"இந்த வருஷமும் அழுகிச்சுன்னா சிமெண்ட் போட்டுக்கோடா. பாடுபட்டு வளர்த்து, கண்ணெதிர அழுகறதைப் பாக்க எனக்கு இனிமே தெம்பு இல்ல."

கதவைச்சாத்தி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். "அதெல்லாம் அழுகாது. நானாச்சு" என்றார்.

மைத்துனன் தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் புரையேறிச் சிரித்தான். "மாமா, உங்க ஃபிரிட்ஜ்லயா? அதுல வெச்சா சமைஞ்சே வரும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. இனி இழுக்கவா முடியும்?

யோசனை ஒன்றும் மோசமில்லை, சொல்லிவிட வேண்டும். மண்ணுக்கடியில் எப்போதும் ஒரே சீரான குளிர். கரண்ட் வேண்டாம், கேஸ் வேண்டாம். ஒரு குழி தோண்டி அதற்குள் நல்ல பெட்டியாக ஒன்றை இறக்கினால் கிழங்கெல்லாம் மாசக்கணக்கில் கிடக்கும். பெட்டிக்கா பஞ்சம்? அவர் பட்டறையில் ஐஸ்கிரீம் கடைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மறந்தே போன பெரிய டீப் ஃப்ரீஸர் ஒன்று கிடந்தது. மேல்பக்கம் மூடி. மூணு பேர் படுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் வெளுத்துப்போன ஐஸ்கிரீம் படம். அதன் மோட்டாரைக் கழற்றினார், குழாய்களைப் பிடுங்கினார், உள்கொக்கியை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் பூட்டு மாட்டினார்.

குழி தோண்ட ஆரம்பித்தார். மைத்துனன் உதவிக்கு வந்தான், அதாவது மதில்மேல் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ஆழம், மாமா" என்று சொல்வதற்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, ஒரு வெட்டில் குளியலறைக் குழாய் பிளந்து சோப்புத் தண்ணி பீய்ச்சியது. அதை அடைத்துவிட்டு ஒரு கை தள்ளித் தோண்டினார். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அளவு அச்சாக இருந்தது. அப்புறம் மூடியைத் தூக்கினால் பாதிக்குமேல் வரவில்லை. பெட்டிக்கு அளவெடுத்த புத்திசாலி, மூடி பின்பக்கம் மண்ணில் இடிக்கும் என்பதை யோசிக்கவில்லை. திரும்ப மேலே தூக்கி, குழியின் பின்பக்கத்தை அகலமாக வெட்டினார்கள்.

நீளமான வெள்ளைப் பெட்டி ஒன்று கயிற்றில் ஆடிக்கொண்டு திரும்பவும் குழிக்குள் இறங்குகிற நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்குமேல் தலையை நீட்டினார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா?

"என்னண்ணே இது?"

"பெட்டிம்மா."

"அது தெரியுது. அக்காவைக் காலையிலேருந்து காணோமே?"

"வருவா. அவ வந்தாத்தான் இதை நிரப்பணும்" என்றார் கதவைச்சாத்தி, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி வைக்கோல் கட்டோடு வாசலில் வந்து இறங்கியபோது, தையல்காரம்மா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எதற்கென்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

நிரப்பினார்கள். அடியில் மணல், அதன்மேல் கேரட், மறுபடி மணல், பீட்ரூட், ஒரு பக்கம் வைக்கோலில் உருளைக்கிழங்கு, மேலே காகிதத்தில் சுற்றின முட்டைக்கோஸ். வீட்டுக்காரி ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வைத்தாள். எல்லாம் முடிந்ததும், "ஏங்க, இதுக்குக் கொஞ்சம் காத்து வர வழி வேண்டாமா?" என்று கேட்டாள்.

"காத்தா!" என்றார் அவர். திருடன் வர வழி வேண்டாமா என்று கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. "காத்தை உள்ள விடாம இருக்கத்தான் நான் பொறந்திருக்கேன்."

பட்டறையில் வைத்திருந்ததிலேயே உசத்தியான ரப்பரை எடுத்துவந்து மூடியைச் சுற்றி ஒட்டினார். சொந்த ஃபிரிட்ஜுக்கு இத்தனை வருஷம் போடாத ரப்பர்! நாலு பக்கமும் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தார். நாலு பக்கமும் கிழிந்தது. சிரிப்பு காதுவரை போனது. பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. திறந்தா குளிர் போயிடும்."

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். வீடு நிறையக் கேரட் விளைவித்தவள் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கேரட் வாங்கி வந்தாள்.

"ஒரே ஒரு பீட்ரூட்டுங்க. சட்டுனு எடுத்துட்டுச் சாத்திடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"உள்ள இருக்கறது என் பீட்ரூட்டு!"

"அதனாலதான் இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன்."

தினமும் சாயங்காலம் பெட்டியின்மேல் பலகையைப் போட்டு, அதில் உட்கார்ந்து டீ குடிப்பார். காலுக்குக் கீழே அவள் தோட்டம் பத்திரமாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். வாழ்க்கையில் இதுவரை அவளுக்கென்று ஒன்றுமே உருப்படியாகச் செய்ததில்லை, இதையாவது செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துவிடும். பாவம்.

பனி நன்றாக இறுகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். வேனுக்குள் சிமெண்ட் மூட்டை, கையில் அளவு டேப். அதைப் பார்த்ததும் கதவைச்சாத்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வா மாப்ள, வந்து பாரு! அக்காவையும் கூப்பிடு!" என்று சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினால் அசையவில்லை. "பாத்தியா, என் ரப்பர்!" என்று பெருமையோடு கடப்பாரையை விட்டு நெம்பினார். 'பக்' என்று திறந்தது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? தையல்காரம்மா வீட்டில் ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. மூடியின் உள்பக்கம் முழுக்க வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் கூழாகி, மணல் சேறாகி, உருளைக்கிழங்கு வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு மூடியை முட்டிக்கொண்டு நின்றிருந்தது.

வீட்டுக்காரி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் குழி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்தாள். விரல் அதற்குள் இறங்கியது.

"மூச்சு முட்டிப்போச்சுங்க இதுகளுக்கு" என்றாள்.

"கிழங்குக்கா மூச்சு?"

"உயிரோடதானே உள்ள வெச்சோம்? உயிரோட இருக்கறது மூச்சு விட வேண்டாமா?"

பால், மீந்த குழம்பு, கறி, மீன் என்று ஆயுசு பூராவும் அவர் குளிரவைத்ததெல்லாம் உயிரில்லாதது. மூச்சு விடுகிற ஒன்றை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. திறந்து பார்க்கவும் விடவில்லை. ஒரு பீட்ரூட்டுக்கு அவள் கெஞ்சினபோது விட்டிருந்தால்கூட, கெட்டுப்போக ஆரம்பித்ததும் கண்டுபிடித்திருப்பாள்.

"போட்டுக்கோடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மைத்துனனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. டேப்பை இழுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கதவைச்சாத்திக்குக் கண் கலங்கியது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"மாப்ள, பிந்தி விதைச்ச கடைசிப் பாத்தியில கேரட்டும் பீட்ரூட்டும் அப்போ முத்தாததால இன்னும் பிடுங்கல. வைக்கோலுக்கு அடியில மண்ணுலதான் கிடக்கு. எனக்கு இன்னொரு வாய்ப்பு குடு. பனி விட்டு விதை போடற காலம் வரைக்கும் அது தாங்கலேன்னா, உன் சிமெண்ட்டை நானே குழைச்சுத் தர்றேன்."

மைத்துனன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கென்ன மாமா, இவ்வளவு நாள் தெருவுல நின்ன வேன்தானே. ஆனா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இதைக் கழுவ என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அப்புறம் அவனேதான் வாளியை எடுத்தான்.

பெட்டியை மேலே தூக்கிக் கழுவி வெயிலில் காயவைத்தாயிற்று. இனி ஓட்டை போட வேண்டும். டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார் கதவைச்சாத்தி. நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன மாமா?"

"கை வரமாட்டேங்குதுடா. நல்ல உடம்பு. ஒரு கீறல் கிடையாது. நீ போடேன்."

"அய்யோ, என்னால ஆகாது. உங்க கைக்குப் பழகின பெட்டி."

ஓட்டை அடைத்தே பிழைத்த கை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினார். டிரில் உள்ளே இறங்கினபோது அவர் முனகின முனகல், பல் பிடுங்கும் இடத்தில்தான் கேட்கும். காற்று உள்ளே போக அடிப்பக்கமாக ஒரு பைப், வெளியே வர மேல்பக்கமாக ஒரு பைப். எலி நுழையாமல் இரண்டுக்கும் கம்பிவலை, மழை இறங்காமல் இரண்டின் வாய்க்கும் ஒரு வளைவு. பூட்டைக் கழற்றித் தூர எறிந்தார். பெட்டியை மறுபடி குழிக்குள் இறக்கினார்கள்.

அடுத்து கேரட்டைப் பிடுங்கினார். வீட்டுக்காரி உதவிக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலில் அவள் நிழல் மட்டும் தெரிந்தது. இவர் மண்ணோடு இருந்த கேரட்டையெல்லாம் குழாயடிக்குக் கொண்டுபோய் நாரை வைத்துத் தேய்த்துப் பளபளவென்று கழுவ ஆரம்பித்தார். அழுக்கோடு உள்ளே வைக்கலாமா, தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே!

ஜன்னல் படாரென்று திறந்தது. "கழுவாதீங்க!"

இவர் கையில் இருந்தது நழுவிக் கீழே விழுந்தது.

"குழந்தையைக் குளிப்பாட்டி ஈரத்தோடயா தூங்க வைப்பாங்க? விடுங்க அதை! இலையைக்கூடக் கிள்ளல! உங்களைக் கட்டிக்கிட்டு நான்..." என்று திட்டிக்கொண்டே அவள் இறங்கி வந்தாள். கழுவினதை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மிச்சத்தை மண்ணை உதிர்த்து, இலையைக் கிள்ளி, மணலில் அடுக்கினாள். அந்த ஒரு மணி நேரமும் திட்டு நிற்கவே இல்லை. கதவைச்சாத்தி அப்படியொரு சந்தோஷத்தோடு திட்டு வாங்கி யாரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு பெட்டி அவள் பொறுப்பு. நினைத்தபோது திறந்தாள், தொட்டுப் பார்த்தாள், வாடினதைச் சமையலுக்கு எடுத்தாள். இவருக்கு மேல் பைப்பின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. காற்று கசிகிறதா என்று இப்படித்தான் ஊரெல்லாம் கை வைத்துப் பார்ப்பார், கசிந்தால் எரிந்து விழுவார். இப்போது கசியாவிட்டால் பதறினார். "வருது, வருது" என்று உள்ளே போய்ச் சொல்வார். "வந்தா வரட்டும், கையைக் கழுவிட்டு வாங்க" என்பாள் அவள்.

பனி விட்டது. சொன்ன சொல் தவறாமல் மைத்துனன் டேப்போடு வந்து நின்றான். தையல்காரம்மா முன்ஜாக்கிரதையாக மூக்கில் துணியோடு மதிலுக்குமேல் வந்தார். கதவைச்சாத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாரமாக வீட்டுக்காரி பெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கவும் இவருக்குப் பயம்.

அவளே போய் மூடியைத் தூக்கினாள். மழை பெய்து ஓய்ந்த மண் வாசனை வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. மணலுக்குள் கையை விட்டு ஒரு கேரட்டை இழுத்தாள். உள்ளங்கையில் துடைத்துக் கடித்தாள்.

'கடக்.'

அந்தச் சத்தம் மதில்வரைக்கும் கேட்டது. தையல்காரம்மா மூக்குத் துணியை எடுத்தார். வீட்டுக்காரி மென்றுகொண்டே மைத்துனனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒரு கடி கடித்தான், இன்னொரு கடி கடித்தான், டேப்பைச் சட்டைப்பையில் போட்டான்.

"மூட்டை வேன்லயே கட்டியா இறுகிடும்க்கா. வெட்டியாப் போவானேன், இந்தப் பெட்டிக்குச் சுத்திலும் ஒரு மேடையாவது கட்டித் தந்துடறேன்" என்றான்.

கதவைச்சாத்தி மேல் பைப்புக்குப் போனார். யாரையும் பார்க்காமல் பைப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரி மூடியை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. வரிசை வரிசையாக மணலில் கிடந்ததைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து அவள் நின்ற நிலையைக் கண்டதும் அவருக்குத் திக்கென்றது. மகள் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அந்த ஓட்டை ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்பாளே, அதே மாதிரி.

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. மைத்துனன் கடிப்பதை நிறுத்தினான். தையல்காரம்மா காத்திருந்தார். தெருவே தலைமுறையாகக் கேட்ட வார்த்தை இப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இருக்கட்டும்" என்றார் கதவைச்சாத்தி. "இன்னும் கொஞ்ச நேரம் பாரு."

"அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தையல்காரம்மா மைத்துனனைக் கேட்டார்.

வீட்டுக்காரி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவரும் பக்கத்தில் போய் நின்று மூடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.